வளைகாப்புக்கு முன் புதுச்சேரியில் ஒரு வார இறுதி

எங்கள் இரு குடும்பங்களிலும் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்கும். ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணை அழைத்துச் சென்றுவிடுவார்கள். குழந்தை பிறந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் அவள் கைக்குழந்தையோடு கணவர் வீட்டுக்குத் திரும்புவாள். நாங்கள் வசிப்பது தாம்பரத்தை அடுத்த புறநகரில். என் தாய் வீடு திருநெல்வேலியில், ஓர் இரவு ரயில் பயணத் தொலைவில் இருக்கிறது. திருமணத்துக்குப் பின் முதல் முறையாக அரை ஆண்டுக்கு மேல் பிரிந்திருக்கப் போகிறோம் என்பதும், அதற்குள் கலந்து பேசி முடிவெடுக்க வேண்டிய காரியங்கள் எல்லாம் அப்படியே கிடக்கின்றன என்பதும் ஐந்தாம் மாதம் முடிகிற தறுவாயில் எங்கள் இருவருக்கும் ஒருசேர உறைத்தது. கணவர் வேலை முடிந்து வீடு வந்து சேர இரவு ஒன்பதாகிவிடும். அதற்குள் எனக்குக் கண் சொருகிவிடும். விடுமுறை நாள்களிலோ, நல்ல செய்தி கேட்டு என்னைப் பார்க்க வருகிற உறவினர்களால் வீடு நிறைந்திருக்கும். அவர்களுடைய அன்பு எங்களுக்கு வேண்டும்தான். ஆனாலும் கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்க்காமல் பேச ஒரு வார இறுதியாவது வேண்டும் என்று தோன்றியது. அதற்காகத்தான் புதுச்சேரி போனோம்.

பயணத்தைப் பற்றி முதலில் பேசியது மருத்துவரிடம். கருவுற்ற 14-ஆம் வாரத்திலிருந்து 28-ஆம் வாரம் வரையிலான காலமே பயணத்துக்கு ஏற்றது என்று மகப்பேறு மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். மசக்கை அடங்கியிருக்கும், கரு கலைந்துவிடுமோ என்ற அச்சம் குறைந்திருக்கும், வயிறு நடைக்குப் பாரமாகும் நிலையும் இன்னும் வந்திருக்காது. ஆனால் இந்தப் பொது விதியை மட்டும் நம்பிக் கிளம்பிவிடக் கூடாது என்பதை எங்கள் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். குழந்தையின் உறுப்பு வளர்ச்சியைப் பார்ப்பதற்காக 18 முதல் 22 வாரங்களுக்குள் எடுக்கும் ஸ்கேனின் அறிக்கையை மறுபடியும் வாங்கிப் படித்தார். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை மறைத்திருக்கிறதா, கருப்பை வாயின் நீளம் போதுமானதாக இருக்கிறதா, இடையில் எப்போதாவது ரத்தம் பட்டதுண்டா, ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே சம்மதித்தார். இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும், இரட்டைக் குழந்தையாக இருந்தாலும், வீட்டிலேயே ஓய்வெடுக்கச் சொல்லியிருப்பேன் என்றார். இந்தப் பேச்சுக்கு ஆகும் நேரம் ஒரு சோதனைக்குச் செல்லும் நேரம்தான். அதைத் தவிர்த்துவிட்டுத் தங்கும் இடம் பதிவு செய்வதில் இறங்குவது சரியல்ல.

வீட்டுப் பெரியவர்களின் சம்மதம் அதற்கு அடுத்தது, எங்களைப் போன்ற குடும்பங்களில் அது சிறிய விஷயமும் அல்ல. "வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணை எதுக்குப்பா இப்போ அலைய வைக்கிறே?" என்று அத்தை தம் மகனிடம் கேட்டார். அந்தக் கேள்வியில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. எனவே அவரிடம் வாதாடாமல், அடுத்த பரிசோதனைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனோம். கார் குலுங்கினால் என்ன ஆகும், வெளிச் சாப்பாடு சேருமா, திடீரென்று வலி வந்தால் யாரைப் பார்ப்பது என்று தம் மனத்தில் இருந்ததையெல்லாம் அவரே மருத்துவரிடம் கேட்டார். கருப்பைக்குள் பனிக்குட நீரில் மிதக்கும் குழந்தையைச் சாதாரணக் குலுக்கல் ஒன்றும் செய்யாது, வயிற்றில் அடிபடுவதுதான் ஆபத்து என்று மருத்துவர் சொன்னது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் கடற்கரையில் நிற்க வேண்டாம் என்று மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார். அதை மனமார ஏற்றுக்கொண்டோம். பெரியவர்கள் மனக்குறையோடு வழியனுப்பினால் போகிற இடத்தில் நமக்கும் நிம்மதி இருக்காது.

இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் என் எண்ணம் இதுதான்: கர்ப்ப காலத்தில் ஓய்வுக்காகப் போகிற ஊர் சமதரையாக இருக்க வேண்டும், மூன்று அல்லது நான்கு மணி நேரத்துக்குள் சென்று சேர வேண்டும், நல்ல மகப்பேறு மருத்துவமனை பக்கத்தில் இருக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு எல்லாம் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போக வேண்டியவை. வளைவில் எனக்கு வயிற்றைப் புரட்டும். கோயில் நகரங்கள் என்றால் கூட்டமும் படிகளும் வரிசையில் நிற்பதும் தவிர்க்க முடியாதவை. சென்னையிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டரில் இருக்கும் புதுச்சேரியில் இந்தத் தொல்லைகள் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த கடற்கரைப் பகுதியின் வீதிகள் நேர்கோடாகவும் மேடு பள்ளம் இல்லாமலும் இருப்பதால், ஐந்து நிமிடம் நடந்து பத்து நிமிடம் உட்கார முடிகிறது. கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் மருத்துவமனை, 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து வளர்ந்தது. எல்லைப்பிள்ளைச்சாவடியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்றே ஓர் அரசு மருத்துவமனை இருக்கிறது. தங்கும் இடத்திலிருந்து இரண்டுக்கும் எவ்வளவு நேரமாகும் என்பதைப் பார்த்து எழுதி வைத்துக்கொண்ட பிறகுதான் மற்ற எதையும் பார்த்தோம்.

எந்த வழியில் போவது என்பதில் கணவருக்கும் எனக்கும் ஒரு சிறு விவாதம் நடந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் மாமல்லபுரம், மரக்காணம் உப்பளங்கள் என்று கண்ணுக்கு விருந்து உண்டு. ஆனால் மாமல்லபுரத்தைத் தாண்டிய பின் அந்தச் சாலையில் அகலப்படுத்தும் பணி நடந்துகொண்டிருந்ததால், ஆங்காங்கே மாற்றுப்பாதையும் மண் மேடுமாக இருக்கும் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். செங்கல்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம் வழியாகச் செல்லும் பெருஞ்சாலையில் காட்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் வழி நெடுகச் சுத்தமான கழிப்பறையுள்ள உணவகங்கள் இருக்கின்றன, செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. குழந்தை வளர வளரச் சிறுநீர்ப்பை அழுத்தப்படுவதால் அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கும். அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் சிறுநீர்த் தொற்று வரும், அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் இன்னும் கேடு. எனவே திண்டிவனம் வழிதான் என்று முடிவாயிற்று. எழும்பூரிலிருந்து ரயிலும் இருக்கிறது. விழுப்புரம் சுற்றிப் போவதால் நேரம் கூடும் என்றாலும், எழுந்து நடக்கவும் கழிப்பறைக்குப் போகவும் வசதி உண்டு என்பதால், காரில் வயிற்றைப் புரட்டும் பெண்களுக்கு அதுவே நல்லது என்பேன். நெடுந்தூரப் பேருந்தை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நாங்கள் டிராப் டாக்சியில் போனோம். கணவர் வண்டி ஓட்டாமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தோம். பதிவு செய்யும்போதே, பின் இருக்கையில் சீட் பெல்ட் வேலை செய்கிற வண்டி வேண்டும் என்று சொல்லி வைத்தது பயன்பட்டது. பெரும்பாலான வாடகைக் கார்களில் பின் இருக்கைக்கு உறை போட்டுத் தைத்து, பெல்ட்டின் பூட்டு உறைக்கு அடியில் புதைந்து கிடக்கும். எங்கள் ஓட்டுநர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் உறையின் ஓரத்தைத் தூக்கி, பூட்டை வெளியே இழுத்து, ஒருமுறை மாட்டிக் காட்டிவிட்டுத்தான் பெட்டியை ஏற்றினார். கர்ப்பிணிகள் பெல்ட் போடக் கூடாது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள், அது தவறு. கீழ்ப் பட்டை வயிற்றின் மேல் படாமல், வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்போடு ஒட்டித் தொடைக்கு மேலாகப் போக வேண்டும். மேல் பட்டை இரண்டு மார்புகளுக்கு நடுவே இறங்கி வயிற்றின் பக்கவாட்டில் செல்ல வேண்டும். உட்கார்ந்து சிறிது நேரம் ஆனதும் கீழ்ப் பட்டை மெல்ல மேலேறி வயிற்றுக்கு வந்துவிடும், அதை அவ்வப்போது தொடைப் பக்கம் இறக்கிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முதுகுக்குக் கீழே ஒரு சிறு தலையணை வைத்துக்கொண்டதால் இடுப்பு வலி தெரியவில்லை.

கர்ப்ப காலத்தில் ரத்தம் உறையும் தன்மை கூடுதலாக இருக்கும். நெடுநேரம் காலைத் தொங்கப் போட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டிக்கொள்ள வாய்ப்புண்டு என்பதால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இறங்கி நடக்க வேண்டும். நாங்கள் அதற்கும் முன்பாகவே மதுராந்தகத்துக்கு அருகில் ஒருமுறை நிறுத்தி, இட்லி சாப்பிட்டு, சாலையோரத்து மர நிழலில் நடந்துவிட்டுக் கிளம்பினோம். திண்டிவனத்தில் மறுபடி ஒரு நிறுத்தம். காலை வெயில் ஏறுவதற்குள் புதுச்சேரிக்குள் நுழைந்துவிட்டோம்.

தங்கும் இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். புதுச்சேரியின் அழகே அதன் பழைய வீடுகள்தான். மஞ்சள் சுவரும், மேலே படர்ந்த காகிதப்பூவும், உயரமான கதவுகளும் படத்தில் மனத்தை இழுக்கும். ஆனால் அந்த வீடுகளில் மாடிப்படி செங்குத்தாகவும் குறுகலாகவும் இருக்கும், கட்டில் உயரமாக இருக்கும், குளியலறையில் தரை வழுக்கும். நாங்கள் தொலைபேசியில் கேட்டவை இவைதான்: தரைத்தளத்தில் அறை உண்டா, மேற்கத்தியக் கழிப்பறையா, குளியலறையில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா, ஜன்னலுக்குக் கொசுவலை உண்டா, அண்மையில் சுவருக்கு வண்ணம் பூசினார்களா. இவற்றுக்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்ன ஒரு சிறிய விடுதியைத் தேர்ந்தெடுத்தோம். கடலைப் பார்த்த அறை கிடைக்கவில்லை, உள்முற்றத்தைப் பார்த்த தரைத்தள அறைதான் கிடைத்தது. அதில் எனக்குக் குறையேதும் இல்லை. இன்னொன்றையும் கேட்டுக்கொள்வது நல்லது. அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த விருந்தினர் இல்லங்கள் போன்ற சில இடங்களில் இரவு குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் வெளிக்கதவை அடைத்துவிடுவார்கள். அமைதிக்கு அது நல்லதுதான், ஆனால் நடு இரவில் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் சாவி யாரிடம் இருக்கும் என்று முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும். 108 ஆம்புலன்ஸ் புதுச்சேரியிலும் வரும்.

முதல் நாள் பகலில் நாங்கள் எங்குமே போகவில்லை. இதை முன்கூட்டியே முடிவு செய்திருந்தோம். பயணம் செய்த உடம்புக்கு முதலில் படுக்கைதான் வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இடப்பக்கமாகச் சாய்ந்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணையை வைத்துப் படுத்தேன். மல்லாந்து படுத்தால் கருப்பையின் பாரம் முதுகெலும்பை ஒட்டிச் செல்லும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்றும் என்பதால், ஐந்தாம் மாதத்துக்குப் பின் நெடுநேரம் அப்படிப் படுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். படுத்த சிறிது நேரத்தில் குழந்தை அசையத் தொடங்கியது. நடமாடிக்கொண்டிருக்கும்போது தாயின் அசைவிலேயே குழந்தை உறங்கிவிடும், வேலையில் மூழ்கியிருக்கும் பெண்ணுக்குச் சின்ன அசைவுகள் தெரியவும் தெரியாது. ஓய்வாகப் படுக்கும்போதுதான் நன்றாக உணர முடியும். எனக்கு அது பல நாளாகப் பழகியிருந்தது. கணவருக்கு அதுவரை வாய்க்கவில்லை. அவர் வீட்டுக்கு வருகிற நேரத்தில் நான் உறங்கியிருப்பேன். அன்று அவர் உள்ளங்கையை அழுத்தாமல் தொப்புளுக்கு இடப்பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளிருந்து ஒரு மெல்லிய தட்டல், சற்று இடைவெளி விட்டு இன்னொன்று. அவர் கையை எடுக்கவே இல்லை. காபி கொண்டுவந்து கதவைத் தட்டியவரிடம், பிறகு வாருங்கள் என்று இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். குழந்தையின் தந்தை வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கும் குடும்பங்களில், இப்படி ஒரு பகல் முழுவதும் சும்மா இருக்கிற வாய்ப்புக்காகவே இந்தப் பயணத்தை மேற்கொள்ளலாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

மறுநாள் விடியலில் கடற்கரைச் சாலைக்குப் போனோம். மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 மணி வரை அந்தச் சாலையில் வாகனங்களை விடுவதில்லை. மாலையில் போகவே எல்லோரும் விரும்புவார்கள். வார இறுதியில் சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வருகிற கூட்டம் தோளோடு தோள் உரசும், பந்து விளையாடும் பிள்ளைகள் குறுக்கே ஓடிவருவார்கள். அத்தையின் நிபந்தனை எங்களுக்கு இந்த வகையில் நன்மையாகவே முடிந்தது. விடியற்காலையில் நடைப்பயிற்சி செய்பவர்கள் மட்டுமே இருந்தார்கள். சூரியன் நேர் எதிரே கடலிலிருந்து ஏறியது. எட்டுத் தூண்களுக்கு நடுவே நிற்கும் காந்தி சிலையிலிருந்து, 1836-இல் விளக்கேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம் பக்கத்திலேயே தெரியும். சாலை நெடுகக் கடலைப் பார்த்த தாழ்வான சுவரும் இருக்கைகளும் இருப்பதால், வேண்டும்போதெல்லாம் உட்கார முடிந்தது. நகரத்தை ஒட்டிய இந்தப் பகுதியில் மணலை விடக் கரும்பாறைகள்தான் அதிகம். அலைத் தண்ணீர் பட்டுப் பாசி பிடித்திருக்கும். இளைஞர்கள் படம் எடுப்பதற்காகப் பாறைகளில் இறங்குகிறார்கள். வயிறு முன்தள்ளியிருக்கும்போது உடம்பின் சமநிலை மாறிவிடுவதால், கர்ப்பிணிகள் சாலையோடு நின்றுகொள்வதுதான் சரி. காலுக்குப் பின்னால் பட்டை வைத்த, அடி தட்டையான செருப்பு போதும். பாதம் மாலையில் வீங்கும் என்பதால் ஓர் அளவு தளர்வாக இருப்பது நல்லது.

சாப்பாட்டு விஷயத்தில் புதுச்சேரி ஆசையைத் தூண்டும் ஊர். பிரெஞ்சு ரொட்டியும் பேஸ்ட்ரியும் அடுப்பிலிருந்து இறங்கும் வாசனை வீதி வரை வரும். சுட்டு எடுத்த பண்டங்களில் பயமில்லை. பதப்படுத்தாத பாலில் செய்த மென்மையான சீஸ் வகைகளில் லிஸ்டீரியா என்ற கிருமி இருக்கக்கூடும், அது நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையைத் தாக்கும். பச்சை முட்டை சேர்த்த மயோனைஸ், சாக்லேட் மூஸ் போன்றவற்றிலும், பாதி வெந்த இறைச்சியிலும் வேறு கிருமிகள் உண்டு. இவை சேர்ந்திருக்கிறதா என்று பரிமாறுபவரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. நாங்கள் கேட்ட இடத்தில் சமையலறைக்கே போய் விசாரித்துவிட்டு வந்து சொன்னார்கள். மீன் தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் நெத்திலி, மத்தி மாதிரியான சிறிய மீன்கள் நல்லவை. காபி நாளுக்கு 200 மில்லிகிராம் காஃபீனுக்கு மேல் போகக் கூடாது என்பார்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று சிறிய டம்ளரில் குடித்தால் கவலையில்லை. வெளியூரில் குழம்பிப் போவது மாத்திரை நேரம்தான். இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாகப் போடக் கூடாது, நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், இரும்புச்சத்து மாத்திரையை ஒட்டி காபியோ டீயோ குடிக்கக் கூடாது. கணவர் தம் கைப்பேசியில் நேரத்தை வைத்துக்கொண்டு, அந்தப் பொறுப்பை முழுக்கத் தம்முடையதாக்கிக்கொண்டார்.

பார்க்காமல் விட்டவை பல. சுண்ணாம்பாறு படகுச் சவாரியை நினைத்தே பார்க்கவில்லை. ஆரோவில்லில் மாத்ரி மந்திர் என்ற தியான மண்டபத்தைப் பார்வை மேடையிலிருந்து காண, வரவேற்பு மையத்திலிருந்து நல்ல தூரம் நடக்க வேண்டும். இயலாதவர்களுக்கு வண்டி உண்டு என்றாலும், ஊரைவிட்டு வெளியே போய் வருவதில் அரை நாள் கரைந்துவிடும் என்று விட்டுவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் காந்தி வீதியில் கூடும் சந்தை நெரிசலுக்குப் பெயர் பெற்றது. வருகிறவர்கள் பெரும்பாலும் வாடகைக்கு எடுக்கும் ஸ்கூட்டரையும் தொடவில்லை. விழுந்தால் அடிபடப் போவது வயிற்றில்தான். போன இடங்கள் மிகக் குறைவு, ஒவ்வொன்றிலும் உட்கார்ந்த நேரம் மிக அதிகம்.

அவற்றில் பாரதி பூங்கா முதன்மையானது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பப்பட்ட ஆயி மண்டபம் அதன் நடுவில் வெண்மையாக நிற்கிறது. தன் மாளிகையை இடித்துவிட்டு மக்களுக்காகக் குளம் வெட்டிய ஆயி என்ற பெண்ணின் நினைவாக, நகருக்குக் குடிநீர் வந்தபோது கட்டப்பட்டது என்று வரலாறு சொல்கிறார்கள். சுற்றிலும் முதிர்ந்த மரங்கள். அங்கே ஒரு கல் இருக்கையில் அமர்ந்து, கொண்டுபோயிருந்த குறிப்பேட்டை விரித்துக்கொண்டோம். பக்கத்து இருக்கையிலிருந்த ஒரு பாட்டி, "எத்தனாவது மாசம்மா? கால்ல வீக்கம் இருக்கா?" என்று விசாரித்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை இருக்கையின் மேலேயே நீட்டிக்கொள்ளச் சொன்னார். அப்படியே செய்தேன்.

முதலில் பேசியது என் விடுப்பைப் பற்றி. 2017-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பின், முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வாரம் மகப்பேறு விடுப்பு உண்டு. அதில் பிரசவத் தேதிக்கு முன்பாக அதிகபட்சம் 8 வாரம்தான் எடுக்க முடியும். வளைகாப்பு முடிந்து நான் திருநெல்வேலி போகும்போது பிரசவத்துக்குப் பத்து வாரத்துக்கு மேல் இருக்கும். அன்றிலிருந்தே விடுப்பு என்பது நடக்காது. முன்பகுதியில் எட்டு வாரத்தையும் செலவழித்துவிட்டால் குழந்தையோடு இருக்க 18 வாரம்தான் மிஞ்சும். பலர் வளைகாப்புத் தேதியை நல்ல நாள் பார்த்துக் குறித்துவிடுகிறார்கள், இந்தக் கணக்கைப் பிறகு போட்டுத் திணறுகிறார்கள். நான் தாய் வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்து, பிரசவத்துக்கு 4 வாரம் முன்பு விடுப்பைத் தொடங்கினால் 22 வாரம் குழந்தைக்குக் கிடைக்கும் என்று கணக்கிட்டு, அதற்கு அலுவலகத்தில் இப்போதே அனுமதி கேட்பது என்று எழுதிக்கொண்டோம். தனியார் நிறுவனங்களில் தந்தைக்கென்று சட்டப்படியான விடுப்பு கிடையாது. ஆகவே கணவர் தம்முடைய சேமிப்பு விடுப்பை எப்போது எடுப்பது என்பது அடுத்த கேள்வி. பிரசவத்தின்போது என் அம்மாவும் சித்தியும் உடனிருப்பார்கள். குழந்தையோடு நான் தாம்பரம் திரும்புகிற முதல் வாரங்களில்தான் இரவில் விழித்திருக்க ஆள் குறைவு. எனவே பிரசவத்துக்குச் சில நாள்களும், மீதியை நான் திரும்பிய பிறகும் எடுப்பது என்று முடிவு செய்தோம். இந்த யோசனை கணவர் வாயிலிருந்து வந்தது என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

இரண்டாவது, என் ரத்தப் பிரிவு. எனக்கு ஓ நெகட்டிவ், கணவருக்கு பி பாசிட்டிவ். குழந்தை பாசிட்டிவாக இருந்து அதன் ரத்த அணுக்கள் என் ரத்தத்தில் கலந்தால், என் உடம்பு அவற்றுக்கு எதிரான பொருளை உண்டாக்கி அடுத்த குழந்தையைப் பாதிக்கும். அதைத் தடுக்க 28-ஆம் வாரத்தில் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்று தெரிந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. வயிற்றில் அடிபட்டாலோ ரத்தம் பட்டாலோ இடையிலும் போட வேண்டியிருக்கும் என்பதால், பயணத்தில் ரத்தப் பிரிவு எழுதிய அட்டை என் கைப்பையின் முன் அறையிலேயே இருந்தது. எங்கள் சிக்கல் என்னவென்றால், 28-ஆம் வாரம் வருவது சரியாக வளைகாப்புச் சமயத்தில். ஊசியைச் சென்னையில் போட்டுக்கொண்டு கிளம்புவதா, திருநெல்வேலியில் போட்டுக்கொள்வதா என்று இதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. இரண்டு ஊர் மருத்துவர்களும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்துவிட வாய்ப்பிருந்தது. சென்னையிலேயே போட்டுவிட்டுக் கிளம்புவது, பிரசவத்துக்குப் பின் போட வேண்டிய ஊசி திருநெல்வேலி மருத்துவமனையில் இருப்பில் இருக்குமா என்று அம்மா மூலம் விசாரிப்பது, ஓ நெகட்டிவ் ரத்தம் தரக்கூடியவர்கள் இரண்டு பேரையாவது அந்த ஊரில் அறிந்து வைப்பது என்று எழுதினோம். கூடவே கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்தபோது கிடைத்த பிக்மி எண், ஸ்கேன் அறிக்கைகள், தாய் சேய் நல அட்டை எல்லாவற்றையும் படமெடுத்து இருவர் கைப்பேசியிலும் வைத்துக்கொண்டோம். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்பார்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகளைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் கணவரே தம் கையால் எழுதினார்: ரத்தப்போக்கு, நீர் கசிவு, கண் மங்கலோடு கூடிய கடுந்தலைவலி, விட்டுவிட்டு வரும் இறுக்கமான வலி, காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைவது. மருத்துவரிடம் பலமுறை கேட்டவைதான் என்றாலும், கூட இருப்பவருக்கும் அவை மனப்பாடமாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையுணவு முடிந்ததும் கிளம்பிவிட்டோம். பிற்பகலுக்கு மேல் புறப்பட்டால் சென்னை திரும்பும் வண்டிகள் சுங்கச்சாவடியிலும் செங்கல்பட்டை ஒட்டியும் தேங்கி நிற்கும். அந்த நெரிசலில் நின்று நின்று போனால் கிடைத்த ஓய்வெல்லாம் வீணாகிவிடும். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தோம். குறிப்பேட்டில் திருநெல்வேலிக்கு உரிய பக்கத்தைப் படமெடுத்து அன்றே அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அம்மா மறுநாள் காலையிலேயே மருத்துவமனைக்குப் போய் விசாரித்துவிட்டு அழைத்தார். ஊசி அங்கே எப்போதும் இருப்பில் இருக்குமாம். சென்னையில் முதல் ஊசி போடுவதற்கு முன், என் ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் ஏற்கெனவே உண்டாகியிருக்கிறதா என்று பார்க்கும் இன்டைரக்ட் கூம்ப்ஸ் பரிசோதனை செய்து, அதன் அறிக்கையையும் ஊசி போட்ட தேதியையும் எழுதி வாங்கி வரச் சொன்னார்களாம். ரத்தம் தருவதற்கு ஒருவர் கிடைத்துவிட்டார், என் மாமாவின் நண்பர் மகன், இன்னொருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.